நண்டு வளை

ஆல்பின் அண்ணன் கத்தாருக்குத் திரும்பிப் போன மறுநாள் எங்கள் ஊரில் அறுப்பு மெஷின் இறங்கியது. பொங்கல் முடிந்திருந்தது. வானம் மூடியே கிடந்தது. சம்பா நெல் தலை சாய்ந்து நிற்கும்போது மேகம் கட்டினால் குடமுருட்டி ஆற்றுக் கரையில் யாரும் ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள். மெஷின் யார் வயலுக்கு முதலில், யாருக்கு அடுத்து என்று தெருவே சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அந்த ஓட்டத்துக்கு நடுவில் ஒருத்தியை மட்டும் அசையாதே என்று படுக்க வைத்திருந்தார்கள். அவள் ஃபிளோரா அக்கா, ஆல்பின் அண்ணனின் மனைவி.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் கிளுவை வேலி மட்டும்தான். நான் பகலில் திருவையாற்றில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்பேன். சாயங்காலம் அங்கேயே கம்ப்யூட்டர் வகுப்பு. அது முடிந்து பஸ் பிடித்து வரும்போது தெரு பாதி அடங்கியிருக்கும். ஆகையால் எல்லாவற்றையும் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பார்த்தது பாதி, ஃபிளோரா அக்கா பின்னால் சொன்னது பாதி. இரண்டையும் கலக்காமல் எழுதத்தான் பார்க்கிறேன்.

அக்காவின் மாமனார் சவரிராஜும் மாமியார் அருள்மேரியும் ஒரு காலத்தில் மிராசுதார் பண்ணையில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். ஆல்பின் அண்ணன் கத்தாரில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவர். அவர் போன பிறகுதான் ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர், சொந்தமாக வந்தது. பழைய ஓட்டு வீட்டுக்குப் பின்னால் புது வீடு ஜன்னல் மட்டம்வரை எழும்பி நின்றது. அதில் குழந்தைக்கென்று ஓர் அறை உண்டு. அருள்மேரி பெரியம்மா அந்த அறையில் விறகு அடுக்கக்கூட விடமாட்டார்.

"ஆறு வருஷக் கல்யாணம்கிறாங்க கயலு" என்று ஃபிளோரா அக்கா ஒரு தடவை சொல்லிச் சிரித்தாள். "உங்க அண்ணன் வந்த மூணு லீவையும் கூட்டிப்பாத்தா அஞ்சு மாசம்கூட தேறாது. அஞ்சு மாசத்துல ஒண்ணு பெத்துக் குடுக்கலைன்னா மலடியாம். மாடுகூட அதுக்கு ஒத்துக்காது."

இந்த லீவில்தான் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முட்டை வளர வயிற்றில் தினம் ஒரு ஊசி. ஊசியை அக்காவே போட்டுக்கொள்வாள். அதை ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டும். அவர்கள் வீட்டில் ஐஸ்பெட்டி இல்லாததால் எங்கள் வீட்டில், தோசை மாவுக்குப் பக்கத்தில் இருந்தது. காலையில் பல் தேய்த்த கையோடு வேலி தாண்டி வருவாள். சட்டை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துக் குத்திக்கொள்வாள். "சேசுவே" என்பாள். பிறகு எங்கம்மாவிடம் காபி கேட்பாள்.

கடைசி ஸ்கேனில் டாக்டரம்மா முகம் சுளித்தாராம். "மூணு, நாலு முட்டை போதும். இங்க ரெண்டு பக்கமும் கொத்துக் கொத்தா இருக்கு. இந்த மாசம் நிறுத்திக்கலாம். அடுத்த மாசம் மருந்தக் குறைச்சுப் போடுவோம்."

"அடுத்த மாசம் நான் இருக்கமாட்டேங்களே டாக்டர்" என்றிருக்கிறார் ஆல்பின் அண்ணன். "அடுத்த லீவுக்கு ரெண்டு வருஷம் ஆவும்."

டாக்டர் மறுபடி சொல்லிப் பார்த்தாராம். அண்ணனும் மறுபடி கேட்டாராம். கடைசியில் முட்டையை உடைக்கிற ஊசி போட்டு, இரண்டு நாளில் அண்ணனுடைய விந்தைச் சுத்தம் செய்து உள்ளே செலுத்தி அனுப்பினார்கள். வயிறு வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே வந்துவிட வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. அண்ணன் அப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் நினைவிருந்தது. அன்று மாலையே அவர் திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பினார்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அருள்மேரி பெரியம்மா திருவையாற்றுக்குப் போய் மீரா உசேன் மருந்துக் கடையில் அட்டை வாங்கி வந்துவிட்டார். சிறுநீர் விட்டுப் பார்க்கிற அட்டை. அந்தக் கடை எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் நின்றதை நானே பார்த்தேன்.

"இப்பவே எதுக்கும்மா? நாள் தள்ளட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார் மீரா உசேன்.

"நீங்க மருந்து விக்கிறீங்களா, ஜோசியம் விக்கிறீங்களா பாய்? குடுங்க."

மறுநாள் காலையில் அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. ஒன்று அழுத்தமாக, இன்னொன்று வெளிறி. பெரியம்மா அட்டையைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினார். கோயிலடியில் குகைபோலக் கட்டிய மாதா கெபியில் மெழுகுவத்தி ஏற்றினார். வருகிற வழியில் பம்ப்செட்டில் துணி துவைத்தவர்களிடம் சொன்னார். மெஷின்காரனிடம் சொன்னார். சவரிராஜ் பெரியப்பாவிடம் கடைசியாகத்தான் சொன்னார். அவர் வரப்பில் மண் குழைத்து நண்டு வளை அடைத்துக்கொண்டிருந்தார். அறுக்கப்போகிற வயலுக்கு வளை அடைக்கிற அவசியமே இல்லை. ஆனால் கண்ணில் பட்ட வளையை அவரால் விட்டுப்போக முடியாது. பாதி ராத்திரியில் நண்டு துளைத்த வளை வழியே தன் வயல் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடுமோ என்றே வாழ்ந்தவர். கை மண்ணோடு சிலுவை போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் கட்டில். கட்டிலின் கால்மாட்டில் புது வீட்டுச் செங்கல்லை இரண்டிரண்டாக வைத்து உயர்த்தினார்கள். தலை தாழ்ந்து கால் உயர்ந்தால் கரு நழுவாது என்பது பெரியம்மாவின் கணக்கு. எழுந்திருக்கக் கூடாது, குனியக் கூடாது. ஆஸ்பத்திரியில் மறுபடி வரச் சொன்ன நாள் வந்தபோது, "எதுக்கு? இருக்கிறது தெரிஞ்சிபோச்சு. மூணு பாலம் நாலு பாலம் ஏறி எறங்கி பஸ் குலுக்கிற குலுக்குல உள்ளதும் போவணுமா?" என்றார். போகவில்லை.

அக்காவுக்கு வாந்தி ஆரம்பித்தது. தெருப் பெண்கள் மாங்காய்க்கு ஆள் அனுப்பினார்கள். வயிறு உப்பிற்று. பத்து நாள் கருவுக்கு வயிறு தெரியுமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் எனக்கு என்ன தெரியும்? யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் வகுப்பு இல்லை. நான் போய்க் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தேன். அவள் பாவாடை நாடாவை அவிழ்த்துவிட்டிருந்தாள். வயிறு மேளம்போல இறுகியிருந்தது. உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது.

"கயலு, அடுப்பங்கரையில சொம்பு இருக்கா பாரு."

நான் எழுந்திருக்கும் முன் பெரியம்மா வாசலில் நின்றார். "தண்ணிதானே கேட்டா? குடுக்காத. ஒடம்புல நீர் கோத்திருக்கு. பாத்தாலே தெரியல? இன்னும் ஊத்தினா என்னாவும்? சுக்குத் தண்ணி ஒரு மொடக்கு குடுத்திருக்கேன், அது போதும்."

"நெறைய தண்ணி குடிக்கச் சொன்னாங்கத்த, டாக்டரு."

"அது மாசமாவுறதுக்கு முந்தி சொன்னது. இப்ப நீ புள்ளத்தாச்சி."

"காலையிலேருந்து ஒண்ணுக்கே வரலத்த."

"குடிச்சாத்தான வரும்?" என்று பெரியம்மா சொன்னார். சொன்ன பிறகு தான் சொன்னது தனக்கே எங்கோ இடித்ததுபோல ஒரு கணம் நின்றார். அப்போது தெருவில் டிராக்டர் சத்தம் கேட்டது. கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை என்று யாரோ கத்தினார்கள். அவர் முந்தானையைச் சொருகிக்கொண்டு வெளியே ஓடினார். நான் சொம்பில் பாதி கொண்டுவந்தேன். அக்கா எழுந்து குடித்தாள். குடித்ததை வாந்தி எடுத்தாள். நான்தான் துடைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு மணி அடிக்கும்போதே தூறல் விழுந்தது. அவர்கள் வயலுக்கு மெஷின் முறை அன்றைக்குத்தான் வந்தது. பெரியப்பா பூசையை விட்டுவிட்டு வயலுக்குப் போனார். பெரியம்மா பூசைக்குப் போய், மாதா கோயில் எண்ணெயை ஒரு சீசாவில் வாங்கி வந்தார். அக்காவுக்கு முந்தின நாளிலிருந்து இடது கெண்டைக்கால் வலி. படுத்தே கிடந்ததால் பிடித்துக்கொண்டது என்று நினைத்து எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தார். தொட்டதும் அக்கா அலறிய சத்தம் வேலி தாண்டி வந்தது. நானும் எங்கம்மாவும் ஓடினோம்.

இடது கால் வலது காலைப்போல ஒன்றரை மடங்கு இருந்தது. தோல் மினுமினுத்தது. அக்கா செங்கல் வைத்த கட்டிலில் படுக்க முடியாமல் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு எடுத்தாள்.

"படுத்தா... மூச்சு அடைக்குது. என்ன கூட்டிட்டுப் போங்க."

"மெஷின் வயல்ல நிக்குது. மாமா வரட்டும். மழ விட்டதும் போவலாம்" என்றார் பெரியம்மா. "இப்ப இந்த ரோட்டுல வண்டி ஏறினா புள்ள தங்குமாடி? ஆறு வருஷம்..."

"அத்த." அக்கா கையை நீட்டி அவர் முந்தானையைப் பிடித்தாள். "புள்ள போனா போவட்டும். நான் இருக்கணும்."

பெரியம்மா அவளை அறைவாரோ என்று நினைத்தேன். கை அப்படித்தான் எழும்பியது. அது பாதியில் நின்று, அவர் வாயையே பொத்திக்கொண்டது. எங்கம்மா என்னைத் தள்ளினார். "ஜெக்கரியாவ வண்டி எடுக்கச் சொல்லு, ஓடு."

ஜெக்கரியா பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற மாருதி வேன் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அவர் வீட்டில் கறி வெந்துகொண்டிருந்தது. நான் சொன்னதைக் கேட்டுச் சட்டை பொத்தானைப் போடாமலே வந்தார். அக்காவை நாற்காலியோடு தூக்கினோம். பெரியம்மா அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். நான் காலடியில் உட்கார்ந்தேன். வயலுக்கு ஆள் அனுப்பிவிட்டு எங்கம்மா வாசலில் நின்றார்.

"மெல்லமா போடா ஜெக்கரியா. பள்ளம் பாத்து."

"சரி பெரியம்மா."

"வேகமா... போங்கண்ணே."

"மெல்ல போடா. கர்ப்பிணிப் பொண்ணு."

"ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்களேன்" என்றார் ஜெக்கரியா. கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார்.

குடமுருட்டிப் பாலத்தில் ஏறியபோது சக்கரம் ஒரு தடவை தூக்கிப் போட்டது. பெரியம்மா அக்காவின் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "மாதாவே, மாதாவே" என்று முணுமுணுத்தார். வெட்டாற்றுப் பாலத்துக்கும் அப்படியே. பாலம் வருவதற்கு முன்பே கை வயிற்றுக்குப் போய்விடும். நெல் காயப்போட்டிருந்தவர்கள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருந்தார்கள். பாதி ரோட்டை நெல் அடைத்திருந்தது. ஜெக்கரியா ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

வெண்ணாறு வருவதற்குள் அக்கா பேசுவதை நிறுத்தியிருந்தாள். உதடு நாவல்பழம் தின்றதுபோல இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. நான் காலைத் தொட்டேன். அசைக்கவில்லை.

"ஃபிளோரா" என்றார் பெரியம்மா. "ஏ ஃபிளோரா. தண்ணி வேணுமா? ஏய்."

பாலம் தெரிந்தது. ஜெக்கரியா வழக்கப்படி பிரேக்கில் காலை வைத்தார்.

"ஏன்டா நிறுத்துற? அழுத்துடா!" என்று பெரியம்மா கத்தினார். "பாலமாவது மயிராவது. அழுத்து!"

அவருடைய கை வயிற்றிலிருந்து அக்காவின் முகத்துக்குப் போயிருந்தது. வேன் பாலத்தில் எகிறி விழுந்தபோது அவர் முகத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். என்ன நடக்கிறதென்று தெரியாமல் நடையில் நின்றோம். பெரியப்பா மழையில் நனைந்து, தலையெல்லாம் பதரோடு வந்தார். மெஷின் பாதி வயலில் இருக்கும்போதே பஸ் ஏறிவிட்டார். மீதி நெல் அன்றைய மழையில் படுத்துப்போனது என்பது மறுநாள்தான் தெரிந்தது. அவர் அதைப்பற்றிக் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் இளவயது டாக்டர் ஒருவர் எங்களைக் கூப்பிட்டார். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மாவும் ஓரமாக நின்றார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"உயிருக்கு உடனே ஆபத்து இல்ல. ஆனா தாண்டிட்டாங்கன்னும் இன்னும் சொல்லமாட்டேன்" என்றார் இளைய டாக்டர். முட்டை வளரப் போட்ட ஊசிக்குச் சிலருடைய உடம்பு அளவுக்கு மீறி வேலை செய்துவிடும். சூலகம் இரண்டும் வீங்கி எலுமிச்சங்காய் அளவிலிருந்து தேங்காய் அளவுக்கு வந்துவிடும். அப்போது ரத்தக்குழாயின் சுவர் கசிய ஆரம்பிக்கும். குழாயில் ஓட வேண்டிய நீர் வயிற்றுக்குள் இறங்கிவிடும். குழாயில் மிஞ்சுகிற ரத்தம் குழம்பாகிவிடும். கெட்டியான ரத்தம் காலில் கட்டியிருக்கிறது. அதில் ஒரு துணுக்கு நுரையீரலுக்குப் போயிருக்கிறது. இப்படித்தான் அவர் சொன்னார். நான் வரிசை மாற்றாமல் எழுதியிருக்கிறேன் என்றே நம்புகிறேன்.

பெரியப்பா கேட்டுக்கொண்டே இருந்தவர், "வயித்துல தண்ணி நிக்குது. ஆனா ஒடம்பு காய்ஞ்சிபோச்சு. அதானுங்க?" என்றார்.

"அதேதான்."

"வரப்புல நண்டு வள விழுந்த மாதிரி. பக்கத்து வயல்ல முட்டியளவு நிக்கும். நம்ம வயலு வெடிச்சிக் கெடக்கும்." சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். "நீ தண்ணி கட்டி நிக்குதுன்னு மடைய அடைச்சிட்ட மேரி."

அவர் திட்டவில்லை. அதனால்தானோ என்னவோ, பெரியம்மா சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அட்டை இன்னும் அதில்தான் இருந்தது.

"கரு எப்படியிருக்குங்க?"

டாக்டரம்மா அட்டையை வாங்கிப் பார்த்தார். "எப்பம்மா பாத்தீங்க?"

சொன்னார்.

"முட்டை உடைக்கப் போட்ட ஊசியில இருக்கிறதும், கர்ப்பத்துல ஊறுறதும் ஒரே மருந்துதான். அது ஒடம்பைவிட்டுப் போக நாளாகும். அதுக்குள்ள பாத்தா அட்டை ஏமாத்தும். ரத்தத்துல இப்ப பாத்தாச்சு. இல்லம்மா."

"அப்ப இந்த ரெண்டாவது கோடு யாரு?" என்றார் பெரியம்மா.

"ஊசி மருந்தும்மா" என்றார் டாக்டரம்மா. "நான் அந்த மாசமே நிறுத்தியிருக்கணும்."

அக்காவின் வயிற்றில் குழாய் சொருகி நீரை வடித்தார்கள். வைக்கோல் கழுவிய தண்ணீர்போல ஒரு நிறம். ரத்தம் கட்டாமலிருக்க வயிற்றிலேயே மறுபடி ஊசி. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "இப்ப யாரு வீட்டு ஐஸ்பெட்டியிலடி வச்சிருக்காங்க?" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மாசி பிறந்த பிறகு வீட்டுக்கு வந்தாள். கட்டிலுக்கு அடியில் செங்கல் இல்லை. இடது காலுக்கு இறுக்கமான காலுறை. மாத்திரை பல மாதம் போட வேண்டும். தினமும் நடக்க வேண்டும், அதிகம் படுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஆல்பின் அண்ணன் வெள்ளிக்கிழமைதோறும் பேசுவார். அவர்களுக்கு அன்றுதான் விடுமுறை. அந்த வெள்ளிக்கிழமை நான் வாசலில் இருந்தேன். அவர் குரல் போனுக்கு வெளியே கேட்டது. அன்றைக்கும் வேலை வைத்திருந்தார்கள் போல, பின்னால் ஏதோ இரும்பு விழுந்துகொண்டிருந்தது.

"டாக்டரம்மாகிட்ட பேசினேன் ஃபிளோரா. கால் சரியானப்புறம், அளவ ரொம்பக் கொறைச்சு இன்னொருவாட்டி பாக்கலாமான்னு யோசிப்பாங்களாம். நான் வேணா முன்னாடியே லீவு கேக்கட்டுமா?"

அக்கா காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"லீவு கேளுங்க. ஊசி கேக்காதீங்க."

"அப்ப என்னதான் பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா வந்து ஒரு வருஷம் இருங்க. என்கூட சோறு தின்னுங்க. சண்ட போடுங்க. அப்பவும் இல்லைன்னா அப்புறம் பேசிக்கலாம்."

அண்ணன் ஏதோ சொன்னார். சரியாகக் கேட்கவில்லை. அவர் வருவதாகச் சொன்னாரா என்று நான் அக்காவிடம் கேட்கவும் இல்லை. அவள் போனை மாமியாரிடம் கொடுத்துவிட்டு செருப்பைத் தேடினாள். பெரியம்மா மகனிடம், "அவ நடக்கிற நேரம்டா. நீ அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டார். சாராய பாட்டில் ஒன்றைக் கழுவித் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அறுத்த வயல்களில் உளுந்து முளைத்திருந்தது. வாய்க்கால் கரையில் அக்கா முன்னால் போனாள், பெரியம்மா இரண்டடி பின்னால். மெல்ல என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பம்ப்செட்டடியில் ஆனந்தவல்லி துணி அலசிக்கொண்டிருந்தாள். அட்டைச் செய்தியை முதலில் கேட்டவள் அவள்தான். இடையில் பேராவூரணிக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தாள்.

"என்ன மேரி, முழுகாம இருக்கிற பொண்ண இப்படிக் கரையில ஓட வுட்டுருக்க? கால் சறுக்கினா என்னாவும்?"

அக்கா நின்றாள். முகத்தைத் திருப்பவில்லை. நானும் கொஞ்சம் தள்ளிப் பின்னால் வந்திருந்தேன். பெரியம்மாவின் முகம் எனக்குத் தெரியவில்லை, பின்னங்கழுத்துதான் தெரிந்தது.

"அவ முழுகாம இல்ல" என்றார். தெருவுக்கே கேட்கிற குரல், அட்டையோடு ஓடியபோது இருந்த அதே குரல். "செத்துப் பொழச்சிருக்கா. நடக்கணும்னு சொல்லியிருக்காங்க. துணிய எடு, வழிய வுடு."

ஆனந்தவல்லி ஈரத்துணியை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கினாள். பெரியம்மா பாட்டிலை நீட்டினார். அக்கா நின்றபடியே பாதிக்குமேல் குடித்தாள். தாடையில் வழிந்ததைத் துடைக்காமல் மறுபடி நடந்தாள்.

டாக்டர் சொன்ன தூரத்துக்கு வாய்க்கால் மதகுவரை போனால் போதும். அவள் மதகைத் தாண்டிவிட்டாள்.

"எங்கடி போற? திரும்பு" என்றார் பெரியம்மா.

"இன்னும் கொஞ்சம்த்த."

மீதித் தண்ணீர் பாட்டிலில் சலசலக்க, பெரியம்மாவும் பின்னால் போனார்.